ஏபி தேர்வில் 5 வாங்கினால் கல்லூரியில் என்ன கிடைக்கும்?

ஜூலையில் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், அதாவது பள்ளியிலேயே கல்லூரிநிலைப் பாடத்தைப் படித்து எழுதும் தேர்வு) மதிப்பெண் வந்ததும் அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடுகளில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கும். ஏழு ஏபி முடித்தாயிற்று, முப்பது கிரெடிட் வந்துவிடும், கல்லூரியில் ஒரு வருடம் மிச்சம் என்று. ஆகஸ்டில் கல்லூரி ஆலோசகரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அந்த முப்பது கிரெடிட்டும் அப்படியே இருக்கும். ஆனால் நான்கு வருடப் படிப்பும் நான்கு வருடமாகவே இருக்கும்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கிரெடிட் கிடைப்பது ஒன்று, அந்தக் கிரெடிட் பட்டத்துக்குள் ஓர் இடத்தை அடைப்பது இன்னொன்று. எத்தனை கிரெடிட் வரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது எந்த இடத்தில் போய் உட்காரும் என்று கேட்பவர்கள் குறைவு.

முதலில், கிரெடிட் என்பது என்ன?

ஒரு செமஸ்டர் ஏறத்தாழ பதினைந்து வாரம். அதில் வாரம் ஒரு மணி நேர வகுப்பும், அதற்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பும் சேர்ந்தால் ஒரு கிரெடிட். பெரும்பாலான பாடங்களுக்கு 3 கிரெடிட், ஆய்வகம் உள்ள அறிவியல் பாடத்துக்கு 4. இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். செமஸ்டருக்குப் பதினைந்து வீதம் எட்டு செமஸ்டர் போனால் கணக்கு சரியாக வரும்.

இந்த 120-ம் ஒரே குவியல் அல்ல. உள்ளே மூன்று அறைகள் இருக்கின்றன.

1. பொதுக்கல்விப் பாடங்கள். ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, சமூக அறிவியல், கணிதம், கலை என்று எந்தத் துறை மாணவரும் படித்தாக வேண்டியவை.
2. துறைப் பாடங்கள். இவை சங்கிலி போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரும். முன்னது முடியாமல் பின்னதில் சேர முடியாது.
3. விருப்பப் பாடங்கள். மிச்சக் கிரெடிட்டை நிரப்பிக்கொள்ள எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டுப் போன பெற்றோருக்கு இந்த அமைப்பு பிடிபடக் கொஞ்சம் நாளாகும். நம் ஊரில் செமஸ்டருக்கு இன்னின்ன பாடம் என்று பல்கலைக்கழகமே அச்சடித்துக் கொடுத்துவிடும். அங்கே அறைகளை மாணவர்தான் நிரப்ப வேண்டும். மூன்றாவது அறையில் விழும் ஏபி கிரெடிட் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிர, படிப்பைச் சுருக்குவது அபூர்வம். பொறியியல் போன்ற துறைகளில் அந்த அறை மிகச் சிறியது.

ஏபி எப்படி வந்தது, எப்படி நடக்கிறது?

நல்ல பள்ளிகளில் படித்த மாணவர்கள் கல்லூரி முதல் வருடத்தில் பள்ளியில் படித்ததையே திரும்பப் படிக்கிறார்கள் என்ற குறை 1950-களின் தொடக்கத்தில் எழுந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் ஆய்வும் சோதனைத் திட்டமும் நடந்தன. 1955-இல் அந்தத் திட்டத்தை, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு ஏற்றுக்கொண்டது. முதல் ஏபி தேர்வுகள் 1956-இல் நடந்தன. பொறுக்கியெடுத்த சில பள்ளிகளுக்காகப் பிறந்த திட்டம் இது. இன்று அரசுப் பள்ளியில் படித்து முடிப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஓர் ஏபி தேர்வாவது எழுதுகிறார்கள். பாடங்கள் நாற்பதை ஒட்டி இருக்கின்றன.

தேர்வு மே மாதம் இரண்டு வாரங்கள் நடக்கும். கொள்குறி வினாக்களை இயந்திரம் திருத்தும். எழுத்து விடைகளைப் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் ஜூனில் உட்கார்ந்து திருத்துவார்கள். இரண்டையும் சேர்த்து 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். 3 என்றால் தகுதி உண்டு என்று பொருள், 5 என்றால் மிக உயர்ந்த தகுதி. 2025-இல் 28 பாடங்களின் தேர்வுகள் காகிதத்தை விட்டு, முழுதாகவோ பாதியாகவோ, கணினியில் தேர்வு எழுதும் புளூபுக் செயலிக்குப் போய்விட்டன. 2025-இல் அமெரிக்காவுக்குள் ஒரு தேர்வுக்குக் கட்டணம் 99 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு.

இங்கே இரண்டு எண்கள் புழங்குகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஏபி வகுப்பில் பள்ளி ஆசிரியர் போடும் ஏ, பி, சி என்ற கிரேடு ஒன்று. மே மாதத் தேர்வில் காலேஜ் போர்டு தரும் 1 முதல் 5 வரையான மதிப்பெண் மற்றொன்று. கல்லூரி இடம் தரலாமா என்று பார்ப்பது பெரும்பாலும் முதலாவதை. கிரெடிட் தரலாமா என்று பார்ப்பது இரண்டாவதை. வகுப்பில் ஏ வாங்கிவிட்டு தேர்வில் 2 வாங்கினால் கிரெடிட் இல்லை. வகுப்பே எடுக்காமல் தானாகப் படித்துத் தேர்வு மட்டும் எழுதி 5 வாங்கினால் கிரெடிட் கேட்கலாம்.

முடிவு யார் கையில்?

காலேஜ் போர்டு மதிப்பெண் மட்டும்தான் தரும். கிரெடிட் தருவது கல்லூரி. ஒரே 4-க்கு ஓர் இடத்தில் எட்டு கிரெடிட்டும் இன்னோர் இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் போவது இதனால்தான்.

அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தாராளம். சில மாநிலங்களில் அது சட்டமாகவே இருக்கிறது. டெக்சஸ் 2015-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 3 வாங்கினால் அரசுக் கல்லூரிகள் தொடக்கநிலைப் பாடத்துக்குக் கிரெடிட் தர வேண்டும். அதைவிட உயர்ந்த மதிப்பெண் கேட்க வேண்டுமானால், 3 போதாது என்பதற்குக் கல்லூரி ஆதாரம் வைத்திருக்க வேண்டும். இலினாய், ஒஹாயோ, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களிலும் 3-க்கு இதுபோன்ற உறுதி உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் கிரெடிட் தருகிறது. ஆனால் அந்தக் கிரெடிட் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதைப் பெர்க்லி, டேவிஸ் என்று ஒவ்வொரு வளாகமும், வளாகத்துக்குள் ஒவ்வொரு துறையும் தனித்தனியாக முடிவு செய்யும். தலைப்பில் தாராளம், உள்ளே கெடுபிடி.

பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் நிலைமை வேறு. டார்ட்மத் கல்லூரி 2012-இல் எடுத்த முடிவின்படி, 2014-இல் சேர்ந்தவர்களிலிருந்து ஏபி-க்குக் கிரெடிட் இல்லை. கால்டெக் ஏபி-யை ஏற்பதில்லை. எம்ஐடி, கால்குலஸ் பிசி என்ற நுண்கணித ஏபி-யில் 5 வாங்கினால் தன் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தரும். வேதியியலில் 5 வாங்கினாலும் தராது.

இந்தக் கல்லூரிகளின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தங்கள் முதல் வருடப் பாடம் பள்ளியில் நடந்ததைவிட ஆழமானது என்பது அவர்கள் கட்சி. கூடவே, முழு நான்கு வருடக் கட்டணமும் அவர்களுக்குத்தான் வருகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே தராசில் வைத்தால் காலேஜ் போர்டுக்கும் இதில் ஆதாயம் உண்டு. லாப நோக்கற்ற அமைப்பு என்றாலும் தேர்வுக் கட்டணம் அதன் பெரிய வருமானங்களில் ஒன்று.

கல்லூரி ஏற்றுக்கொண்டாலும் மூன்று வகையாக ஏற்கலாம். ஒன்று, கிரெடிட் தருவது: 120-இல் கழியும். இரண்டு, பிளேஸ்மென்ட்: முதல் பாடத்தைத் தாண்டி அடுத்ததில் உட்காரலாம், ஆனால் 120-இல் எதுவும் கழியாது. மூன்று, விலக்கு: இந்தப் பாடம் படிக்க வேண்டாம், அதற்குப் பதில் வேறொன்றைப் படி. கல்லூரி இணையதளத்தில் 'ஏபி ஏற்கப்படும்' என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு நிம்மதியடைபவர்கள், மூன்றில் எது என்று பார்ப்பதில்லை.

ஒரு பொறியியல் மாணவரை வைத்துப் பார்ப்போம்

ஒரு மாணவி டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயந்திரப் பொறியியல் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஆறு ஏபி: கால்குலஸ் பிசி, இயற்பியல் 1, ஆங்கில மொழி, அமெரிக்க வரலாறு, அமெரிக்க அரசாங்கம், உளவியல். எல்லாவற்றிலும் 4 அல்லது 5. ஒவ்வொன்றாகப் போவோம்.

1. கால்குலஸ் பிசி. இது கல்லூரியின் முதல் இரண்டு கால்குலஸ் பாடங்களைத் தொடுகிறது. கால்குலஸ் ஏபி (AB) என்ற இன்னொரு ஏபி பாடம் முதலாவதை மட்டும்தான் தொடும். பொறியியல் சங்கிலி கால்குலஸில்தான் தொடங்குவதால் இந்த ஒரு கிரெடிட்டுக்கு மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம். ஆபத்தும் இங்கேதான். இரண்டையும் தாண்டி நேரே மூன்றாவது கால்குலஸில் உட்கார்ந்து, பதினொன்றாம் வகுப்பில் படித்த தொகையீட்டு முறைகள் மறந்துபோய்த் திணறுபவர்கள் நிறைய. முந்தைய செமஸ்டர்களின் இறுதித் தேர்வுத் தாள்களைப் பல துறைகள் பொதுவில் வைத்திருக்கின்றன. இரண்டாவது கால்குலஸின் பழைய தாள் ஒன்றை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால், தாண்டலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

2. இயற்பியல் 1. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இயற்பியல் 1, 2 இரண்டும் இயற்கணித அடிப்படையில் நடப்பவை. பொறியியலுக்கு வேண்டியது கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல். அதற்கு ஈடானது இயற்பியல் சி: இயக்கவியல் ஒரு தேர்வு, மின்காந்தவியல் ஒரு தேர்வு. இயற்பியல் 1-இல் 5 வாங்கினாலும், வரும் கிரெடிட் பெரும்பாலும் மூன்றாவது அறைக்குத்தான் போகும். கணினி அறிவியலிலும் இதே கதை உண்டு. ஜாவாவில் நிரல் எழுதும் 'கணினி அறிவியல் ஏ' அந்தத் துறைக்குப் பயன்படும். 'கணினி அறிவியல் கோட்பாடுகள்' என்பது மற்ற துறையினருக்கான அறிமுகமாகவே பல இடங்களில் கருதப்படுகிறது.

3. அமெரிக்க வரலாறு. டெக்சஸ் சட்டப்படி அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்கும் எவரும், பொறியியல் மாணவர் உட்பட, ஆறு கிரெடிட் அமெரிக்க வரலாறு படித்தாக வேண்டும். ஆகவே இந்த ஏபி நேரே கட்டாய அறையில் போய் உட்காரும். இதே மாணவி வேறு மாநிலத்தில் சேர்ந்திருந்தால் இதே 5 வெறும் விருப்பப் பாடமாகத் தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

4. அமெரிக்க அரசாங்கம். இதற்கும் டெக்சஸில் ஆறு கிரெடிட் கட்டாயம். ஆனால் அதில் டெக்சஸ் மாநில அரசியலமைப்பும் அடங்கும். ஏபி தேர்வில் அது கிடையாது. எனவே பாதிக் கிணறு தாண்டியது போலத்தான். மாநிலப் பகுதியைத் தனியே முடிக்க வேண்டும்.

5. ஆங்கிலமும் உளவியலும். இரண்டும் பொதுக்கல்வி அறையில் அடங்கிவிடும். சிக்கல் இல்லை.

கூட்டினால் முப்பது கிரெடிட்டுக்கு அருகில் வரும். அப்படியானால் மூன்று வருடத்தில் முடிக்கலாமா? பெரும்பாலும் முடியாது. கால்குலஸுக்குப் பின் வகைக்கெழுச் சமன்பாடு, நிலையியல், இயக்கவியல், வெப்ப இயக்கவியல், வடிவமைப்பு என்று சங்கிலி நீள்கிறது. சில பாடங்கள் வருடத்துக்கு ஒரு செமஸ்டரில் மட்டும் நடக்கும். பொதுக்கல்வியை எவ்வளவு காலி செய்தாலும் சங்கிலியின் நீளம் குறையாது.

அதற்காக அந்த முப்பதும் வீண் அல்ல. செமஸ்டருக்குப் பதினேழு கிரெடிட் சுமப்பதற்குப் பதில் பதின்மூன்று சுமக்கலாம். இரண்டாவது துறை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு செமஸ்டரை ஒதுக்கலாம். பாடப் பதிவில் மூத்த மாணவர் வரிசையில் நிற்கலாம். கூட்டம் நெரியும் பெரிய பல்கலைக்கழகங்களில் இது சின்ன விஷயம் அல்ல. பொருளியல், அரசியல் அறிவியல், ஆங்கிலம் போன்ற சங்கிலி குட்டையான துறைகளில் மூன்று வருடப் பட்டம் உண்மையாகவே சாத்தியம்.

பணக் கணக்கிலும் இதே தர்க்கம்தான். பல கல்லூரிகளில் 12 முதல் 18 கிரெடிட் வரை எத்தனை எடுத்தாலும் ஒரே கட்டணம். செமஸ்டருக்கு இரண்டு பாடம் குறைந்தால் கட்டணம் குறையாது. முழுதாக ஒரு செமஸ்டர் கழிந்தால்தான் குறையும்.

2024-இல் மதிப்பெண் ஏன் திடீரென்று உயர்ந்தது?

2023-இல் அமெரிக்க வரலாறு எழுதியவர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களே 3 அல்லது அதற்கு மேல் வாங்கினார்கள். 2024-இல் அது 72 சதவீதம். அமெரிக்க அரசாங்கம் 49-இலிருந்து 73-க்குப் போனது. ஒரே வருடத்தில் நாட்டு மாணவர்கள் இத்தனை கெட்டிக்காரர்கள் ஆகிவிடவில்லை. எல்லைக்கோட்டை வரையும் முறை மாறியது.

முன்பு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சிறு ஆசிரியர் குழு கூடி, எத்தனை புள்ளிக்கு 3, எத்தனைக்கு 4 என்று முடிவு செய்தது. இப்போது ஏராளமான கல்லூரி ஆசிரியர்களின் கருத்தையும், அதே பாடத்தைக் கல்லூரியில் படித்தவர்களின் தரவையும் வைத்துக் கோடு போடுகிறார்கள். 2022 தொடங்கிப் பாடம் பாடமாக இது நடந்தது. சில பாடங்கள் கல்லூரியைவிடக் கடுமையாக மதிப்பிடப்பட்டுவந்தன, அதைச் சரிசெய்தோம் என்கிறது காலேஜ் போர்டு. எதிர்த்தரப்பின் பதில்: கல்லூரிகளே வருடத்துக்கு வருடம் தாராளமாகக் கிரேடு போட்டுக்கொண்டு வருகின்றன, அந்தத் தாராளத்துக்கு ஈடாகத் தேர்வையும் தளர்த்தினால் அளவுகோலே வீங்கிவிடும்.

இரண்டும் ஓரளவு உண்மை என்றுதான் தோன்றுகிறது. கவனிக்க வேண்டியது இதன் பின்விளைவை. 3-க்குச் சட்ட உறுதி உள்ள மாநிலங்களில், முன்பு 2 வாங்கியிருக்கக்கூடிய மாணவருக்கு இப்போது தானாகக் கிரெடிட் கிடைக்கும். சட்டம் இல்லாத இடங்களில் துறைகள் 3-ஐ 4 ஆக, 4-ஐ 5 ஆக உயர்த்திக்கொள்வதற்குத் தடை ஏதும் இல்லை. அண்ணன் சேர்ந்தபோது இருந்த அட்டவணை தம்பிக்கும் இருக்கும் என்று நம்புவது சரியல்ல.

டூயல் என்ரோல்மென்ட்: பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரி மாணவர்

ஏபி-க்கு மாற்று வழி இது. ஊரில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) கல்லூரிப் பாடத்தையே எடுத்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்குக் காட்டுவது. 1985-இல் மினசோட்டா மாநிலம் இதற்குச் சட்டம் போட்டு வழிகாட்டியது. 2022-23-இல் நாடு முழுவதும் சுமார் 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படிப் படித்தார்கள்.

ஏபி-யில் வருடம் முழுக்க உழைத்தும் மே மாதம் ஒரு நாள் காய்ச்சல் வந்தால் கதை சிக்கலாகிவிடும். இங்கே அந்தப் பயம் இல்லை. பாடத்தில் தேறினால் கிரெடிட் உறுதி. அதே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஏற்கும். தனியார் கல்லூரிகளும் வெளிமாநிலங்களும் முகம் சுளிக்கலாம். பள்ளி வளாகத்தில் பள்ளி ஆசிரியரே நடத்திய பாடமா, பள்ளிப் படிப்பை முடிக்கவும் இதையே கணக்கில் காட்டினாயா என்று கேட்டு மறுப்பவை உண்டு.

இன்னொரு வேறுபாடு பலருக்குப் பிந்தித்தான் தெரிகிறது. ஏபி-யில் 2 வாங்கினால் அந்த மதிப்பெண்ணை யாருக்கும் அனுப்பாமல் விட்டுவிடலாம். டூயல் என்ரோல்மென்டில் வாங்கும் சி கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொது விண்ணப்பம் போடும்போது, பதினாறு வயதில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த வேதியியல் கிரேடும் சராசரியில் சேர்க்கப்படும்.

மருத்துவம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். உயிரியல், வேதியியல் ஏபி-யில் 5 வாங்கி, அந்தத் தொடக்கப் பாடங்களை இளநிலையில் தாண்டிவிட்டால், பல மருத்துவக் கல்லூரிகள் ஏபி-யை மட்டும் ஏற்காது. அதே துறையில் உயர்நிலைப் பாடங்களைக் கல்லூரியில் படித்துக் காட்டச் சொல்லும். மருத்துவம்தான் குறி என்றால் அறிவியல் ஏபி-களை வைத்துத் தாண்டுவதில் அவசரம் வேண்டாம்.

மற்ற வழிகள், சுருக்கமாக

ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) என்ற பன்னாட்டுப் பள்ளிப் பட்டயம் ஜெனீவாவில் 1968-இல் தொடங்கியது. மதிப்பெண் 1 முதல் 7 வரை. உயர்நிலைப் பாடங்களுக்குத்தான் பெரும்பாலும் கிரெடிட். கிளெப் என்பது காலேஜ் போர்டின் இன்னொரு தேர்வு, வகுப்பே தேவையில்லை, எந்த வயதிலும் எழுதலாம். அரசுக் கல்லூரிகளும் கம்யூனிட்டி காலேஜ்களும் ஏற்கும். பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் செல்லாக்காசு.

ஏபி மொழித் தேர்வுகளில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பான், லத்தீன் இருக்கின்றன. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது. பள்ளி முடிக்கும் மாணவருக்கு இரு மொழி தெரியும் என்று அங்கீகரிக்கும், கலிஃபோர்னியா 2011-இல் தொடங்கிவைத்த இருமொழித் திறன் முத்திரை பிற மாநிலங்களுக்கும் பரவியிருக்கிறது. தமிழில் எழுதவும் பேசவும் சோதிக்கும் தேர்வுகளும் உண்டு. முத்திரை தானாகவே கிரெடிட் ஆகிவிடாது. மினசோட்டா மாநிலக் கல்லூரிகள் சட்டப்படி இதற்கு மொழிக் கிரெடிட் தருகின்றன. மற்ற இடங்களில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஹெச்-4 பிள்ளைகளுக்கு

பெற்றோர் ஹெச்-1பி என்ற வேலை விசாவிலும் பிள்ளை அவர்களைச் சார்ந்த ஹெச்-4 விசாவிலும் இருக்கும் வீடுகளில் கணக்கு மாறுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. 21 வயதானால் ஹெச்-4 தகுதி போய்விடும், அப்புறம் மாணவர் விசா போன்ற வேறொன்றுக்கு மாற வேண்டும். பதினெட்டில் கல்லூரியில் சேர்ந்தவர் படிப்பின் நடுவே 21-ஐத் தொடுகிறார். மற்றவர்களுக்கு வசதியாக இருக்கும் ஒரு செமஸ்டர் மிச்சம் இவர்களுக்கு அவசியமாகிவிடலாம். மாணவர் விசாவில் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேரம், அதாவது குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். கடைசி செமஸ்டருக்கு விலக்கு உண்டு. ஏபி கிரெடிட்டை வைத்துச் சுமையைப் பரவலாகக் குறைப்பதைவிட, படிப்பை முன்கூட்டி முடிக்கும்படி அடுக்குவது இவர்களுக்குப் பொருந்தும்.

எந்த மாதம் என்ன செய்வது?

1. நவம்பரில் பள்ளி மூலம் தேர்வுக்குப் பதிய வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு எந்தக் கல்லூரி என்று அப்போது தெரியாது. பதிந்துவிட்டு எழுதாமல் விட்டால் ஒரு பகுதிக் கட்டணம் பிடிபடும்.
2. சேரும் கல்லூரியை உறுதிசெய்ய வழக்கமான கடைசி நாள் மே 1. பன்னிரண்டாம் வகுப்பு ஏபி தேர்வுகள் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன. ஆகவே அந்த வருடத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் கல்லூரி இடத்துக்கும் தொடர்பே இல்லை. அதன் பயன் கிரெடிட் மட்டும். சேரும் கல்லூரி அந்தப் பாடத்துக்கு ஒன்றும் தராது என்றால், பிடிபடும் தொகையோடு விட்டுவிட்டு வகுப்புத் தேர்வைக் கவனிப்பதில் தவறில்லை.
3. ஜூனில் ஒரு கல்லூரிக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பக் கெடு உண்டு. பிறகு அனுப்பினால் காசு. பள்ளிச் சான்றிதழில் மதிப்பெண் இருந்தாலும் கல்லூரிகள் அதை வைத்துக் கிரெடிட் தருவதில்லை. காலேஜ் போர்டிலிருந்து நேரே போக வேண்டும்.
4. ஜூலை, ஆகஸ்டில் துறை ஆலோசகரைப் பார்க்கும்போது நான்கு வருடப் பாடத்திட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஏபி-யும் அதில் எந்த வரியை அடிக்கிறது என்று கேட்க வேண்டும்.
5. சில பல்கலைக்கழகங்களில் கிரெடிட் தானாக ஏறாது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மாணவரே ஒவ்வொரு பாடத்துக்கும் உரிமை கோர வேண்டும். கோராத பாடம் பதிவில் வராது. மூன்றாவது கால்குலஸுக்குத் தயாராக இல்லை என்று தெரிந்தால், முதல் கால்குலஸுக்கு மட்டும் கோரிவிட்டு இரண்டாவதை வகுப்பில் உட்கார்ந்து படிக்கலாம்.